கால்சியம் பாட்டில்

ஆகஸ்ட் 19, சிவகாசி

முப்பத்து மூன்று வருஷம் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஊரில் பாதிப் பேருக்கு என்மேல் அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இன்று மாப்பிள்ளை ஜெர்மனியிலிருந்து வீடியோவில் வந்தார். மகள் சங்கரியின் பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போக வேண்டுமென்றால் விசாவுக்கு இன்சூரன்ஸ் வேண்டுமாம். ஒவ்வொரு கேள்வியாகப் படித்து அவரே நிரப்பினார். பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் டக் டக்கென்று சொன்னேன். கடைசியில், “மாமாவுக்கு ஏற்கெனவே ஏதும் நோய், ஆபரேஷன் உண்டா அத்தை?” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. பழைய அல்சர்தான்.”

“அல்சர் தேவையில்ல. ‘இல்லை’ன்னு போட்டுடறேன்.”

போட்டது அவர்தான். நான் ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 2

மூன்றாவது மாலையாக மாத்திரை உரிக்கிறேன். மொத்தம் நூறு. அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, காலியான பழைய கால்சியம் பாட்டிலில் போட்டாயிற்று. கட்டைவிரல் நகம் விண்விண்ணென்று தெறிக்கிறது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“பொருள் கடத்துறவ மாதிரியே இருக்க கனி.”

“நீங்க சும்மா இருங்க.”

சும்மா இருக்க முடியுமா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவர் அச்சாபீஸில் காலண்டர் கட்டுகளுக்கு நடுவே மயங்கி விழுந்தார். மதுரையில் நெஞ்சைத் திறந்து இரும்பு வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் சாயங்காலம் மாத்திரை போட வேண்டும். உயிர் இருக்கும்வரை நிறுத்தக் கூடாது. அப்போதுதான் சங்கரிக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தோம். இதய நோய்க்காரன் வீட்டுப் பெண் என்றால் எவன் வருவான்? சொந்தபந்தத்துக்கெல்லாம் அல்சர் ஆபரேஷன் என்று சொன்னோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று. சம்பந்தி வீட்டுக்கு இன்றுவரை தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது.

மருந்துச் சீட்டு, வால்வுக்குக் கொடுத்த அட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இவர் ஃபோனில் இருந்த ரிப்போர்ட்டுகளையும் அழித்தேன். மாப்பிள்ளை ஃபோனை வாங்கி ஏதாவது ஆப் போட்டுக் கொடுப்பார், அவருக்கு அது பழக்கம்.

மாதம் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். மூன்று மாதம் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் போகாதே என்பார்.

அக்டோபர் 8, ஸ்டுட்கார்ட் பக்கம்

வந்து சேர்ந்தோம். சங்கரி வயிறும் வீங்கிய காலுமாக வாசலில் நின்றாள். ஊரில் ஈ காக்கா சத்தம் இல்லை. அதுதான் சங்கடம். இவர் வால்வு கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று அடிக்கும். சிவகாசியில் மிஷின் சத்தத்திலும் பஸ் ஹாரனிலும் யாருக்கும் கேட்டதில்லை. இங்கே சோபாவில் இவர் உட்கார்ந்தால் எனக்கே கேட்கிறது.

மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டார். “மாமா வாட்ச் நல்லா சத்தமா ஓடுது.”

“பழைய வாட்ச் மாப்பிள,” என்றார் இவர், கையில் வாட்சே இல்லாமல்.

நான் எழுந்துபோய் மிக்ஸியில் சட்னி அரைத்தேன்.

அக்டோபர் 14

சங்கரிக்குப் பிரஷர் ஏறிவிட்டது. முப்பத்து நாலாவது வாரம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, கவனித்துத்தான் அனுப்புவோம் என்றார்கள். நர்ஸ் ஒரு பெரிய ஃபாரத்தை வைத்துக்கொண்டு அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஒரு கேள்விக்கு மட்டும் சங்கரி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். அப்புறம் “நைன்” என்றாள். இல்லை என்று அர்த்தம்.

என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. சங்கரி நல்ல பிள்ளை.

ரசம் வைத்து ஃபிளாஸ்கில் கொடுத்துவிட்டேன். உப்பு குறைத்துத்தான் போட்டேன்.

அக்டோபர் 15

பாட்டிலைக் காணோம்.

சாயங்காலம் மாத்திரை எடுக்கப் போனால் சமையலறை அலமாரியில் வேறொரு பாட்டில் நிற்கிறது. புதுசு, ஜெர்மன் எழுத்து, வெள்ளை மூடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஆமா அத்தை, சொல்லணும்னு நினைச்சேன். நீங்க சாப்பிடற கால்சியம் எக்ஸ்பயரி ஆகி மூணு வருஷமாச்சு. லேபிள்ல பாத்தேன். உள்ள மாத்திரை வேற கலர் மாறிக் கெடக்கு. தூக்கிப் போட்டுட்டேன். இது நல்ல கால்சியம், டெய்லி ஒண்ணு போடுங்க.”

“எதுல போட்டீங்க மாப்பிள்ளை?”

“மாத்திரை கறுப்புத் தொட்டில, பாட்டில் மஞ்சப் பைல. காலைல வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டான்.” குப்பையைப் பிரித்துப் போடுவதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

“ரொம்ப நல்லது” என்றேன். கீழே போய்க் கறுப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். கழுவி வைத்த மாதிரி இருந்தது.

இவரிடம் சொன்னேன். புது பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “உனக்கு எலும்பு பலமாகும்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 16

சிவகாசி மெடிக்கல் கடை சுந்தரபாண்டிக்கு ஃபோன் போட்டேன். ஒன்பது வருஷமாக மாத்திரை கொடுப்பவன், எங்கள் ரகசியம் தெரிந்தவன்.

“அக்கா, கூரியர்ல மருந்து அனுப்புனா கஸ்டம்ஸ்ல போட்டு வச்சிருவான். எதுக்கும் அனுப்புறேன், வந்தா வரும், வராட்டி இல்ல. அது வரைக்கும் என்ன செய்வீங்க? ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுக்கா. அங்கேயே டாக்டரப் பாருங்க.”

“பாக்கறேன்ப்பா.”

“இன்னைக்கே பாருங்கக்கா.”

சரி என்று வைத்துவிட்டேன். நேற்று ஒரு வேளை, இன்று ஒரு வேளை. சாமி, இரண்டு வேளைதான்.

அக்டோபர் 17

காய்கறி வாங்குவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக மருந்துக்கடைக்குப் போனேன். வாசலில் சிவப்பாகப் பெரிய எழுத்து போட்டிருக்கும், அடையாளம் தெரியும். கவுண்டரில் ஒரு பெண், என் மகள் வயது. ஃபோனில் தமிழில் பேசினேன், அது ஜெர்மனில் பேசியது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை வேண்டும், வெள்ளை நிறம், வட்டம், நடுவில் ஒரு கோடு.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பெயர்? நம் ஊரில் கம்பெனி வைத்த பெயரைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரில் தேடிவிட்டுத் தலையசைத்தாள். அளவு? பாதி மாத்திரை, சில நாள் முழு மாத்திரை. எத்தனை மில்லிகிராம்? தெரியாது. யாருக்கு, எதற்கு? இதய வால்வு என்று சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது, இப்போதே டாக்டரிடம் போங்கள், நான் ஃபோன் செய்து தரவா என்று ஃபோன் வழியாகக் கேட்டாள்.

வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். “அட்ரஸ் ப்ரூஃப் கொண்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்.” அவர்களும் இப்படித்தான் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

காய்கறி வாங்க மறந்துவிட்டேன். மாப்பிள்ளை கேட்டதற்குக் கடை மூடியிருந்தது என்றேன்.

சங்கரியிடம் சொல்லலாமா? பிரஷர் நூற்றைம்பதில் நிற்கிறது. சொன்னால் எகிறிவிடும். மாப்பிள்ளையிடம் சொன்னால், அவளும் நாலு வருஷமாகத் தன்னிடம் மறைத்திருக்கிறாள் என்று தெரிந்துபோகும். பிள்ளை பிறக்கப் போகிற நேரம். கூரியர் வந்துவிடும். சுந்தரபாண்டி நேற்றே அனுப்பியிருப்பான்.

அக்டோபர் 18, காலை

காபி டம்ளர் இவர் கையிலிருந்து விழுந்துவிட்டது. குளிரில் கை மரத்திருக்கும்.

அதே நாள், ஆஸ்பத்திரியில்

மேலே எழுதியது பொய். கை மரக்கவில்லை.

டம்ளர் விழுந்ததும் குனிந்து எடுக்கப் போனார். வலது கை கீழே போகிறது, விரல் மடங்கவில்லை. “என்னங்க” என்றேன். என்னவோ சொன்னார், ஒரு வார்த்தையும் வார்த்தையாக இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தமாதிரி இருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து அந்தக் கையை என் இரண்டு கையாலும் தேய்த்தேன். ஐந்து நிமிஷம் இருக்குமா, பத்து நிமிஷமா? அப்புறம் விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. பேச்சும் வந்தது.

முதல் பேச்சு இதுதான்: “நான் செத்தாக்கூட அல்சர்னுதான் சொல்லுவியா கனி?”

ஒன்பது வருஷத்தில் இவர் என்னைக் குத்திப் பேசியதே இல்லை.

மாப்பிள்ளை மாடி அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். காதில் அந்த ஹெட்ஃபோன். கதவைத் தட்டாமல் உள்ளே போய் அதைக் கழற்றினேன். “மாப்பிள்ளை, மாமாவுக்கு நெஞ்சுல இரும்பு வால்வு இருக்கு. ஒம்பது வருஷமாச்சு. நீங்க தூக்கிப் போட்டது கால்சியம் இல்ல, அவரோட உயிர் மாத்திரை. மூணு நாளா போடல. இப்ப கை வெளங்காம போயிட்டு வந்துச்சு.”

அவர் என்னையே பார்த்தார். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தார், கீழே ஓடினார், இவர் காலுக்கு ஷூ மாட்டிவிட்டார்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர், பெண். கேள்விகளை மாப்பிள்ளை தமிழில் மாற்றினார். என்ன வால்வு? அட்டை எங்கே? பீரோவில். சாவி? என் பையில். கடைசி ரத்தப் பரிசோதனை? அழித்துவிட்டேன். மருந்தின் பெயர்? நான் சொன்ன கம்பெனிப் பெயர் டாக்டருக்குப் புரியவில்லை. இருந்த பதிலையெல்லாம் நானே பூட்டியும் அழித்தும் வைத்திருந்தேன்.

சுந்தரபாண்டிக்கு ஃபோன் போட்டேன். அங்கே மத்தியானம், கடையில் கூட்டம். அவன் உடனே மாத்திரை அட்டையைப் படம் பிடித்து அனுப்பினான், போன மாதம் அவனிடம் காட்டிய மருந்துச் சீட்டின் படமும் அவன் ஃபோனில் இருந்தது. அட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர். அதைப் பெரிதாக்கிப் பார்த்ததும் டாக்டர் “ஆ!” என்றார். அந்த மருந்து அவர்கள் கடையில் விற்பதில்லை, அதே வேலையைச் செய்யும் வேறொன்று உண்டு, முதலில் ஊசியில் ஆரம்பிப்போம் என்றார். உலகம் முழுக்க டாக்டர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று அந்த அட்டையில் இருந்திருக்கிறது. அதைத்தான் நான் நூறு தடவை பிதுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

இவரை உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தாவில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தோம். இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாதே என்றேன். “அத அப்புறம் பாக்கலாம் அத்தை,” என்றார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்: “என் கையாலதான தூக்கிப் போட்டேன். மாமாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, காலம் பூரா நான் கொலகாரன். அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.”

அவர் காலில் விழலாம் போலிருந்தது. மாப்பிள்ளை காலில் மாமியார் விழுந்தால் அவருக்குத்தான் பாவம்.

அக்டோபர் 19

இவர் பேசுகிறார், நடக்கிறார். வால்வில் சின்னதாக ரத்தம் கட்டியிருக்கிறதாம், மருந்திலேயே கரையும் என்கிறார்கள். கரைய வேண்டும்.

சாயங்காலம் அந்த டாக்டர் வந்தார். வால்வு ஏன் கெட்டது, பிறவியிலேயே கோளாறா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எல்லாருக்கும் வால்வில் மூன்று இதழ் இருக்கும், இவருக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டுதான். டாக்டர் எழுதிக்கொண்டே அடுத்த கேள்வி கேட்டார். மாப்பிள்ளை அதைத் தமிழில் சொல்லவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

“என்ன கேக்காங்க மாப்பிள்ளை?”

“இது பிள்ளைங்களுக்கும் வரலாமாம். பிள்ளைங்களுக்கு ஸ்கேன் பாத்தாச்சான்னு கேக்குறாங்க.”

இந்த நோட்டில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மதுரை டாக்டரும் இதையே சொன்னார். “பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டிருங்கம்மா.” நான் சரி என்றேன். வரன் பார்க்கிற பெண்ணை இதய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், யாராவது பார்த்துவிட்டால்? கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. அப்புறம் மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. சங்கரி மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கரி இதே ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறாள். அன்று அவள் “நைன்” என்று சொன்ன கேள்வி இதுதான். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் உண்டா?

டாக்டர் ஓடவில்லை, ஆனால் வேகமாக நடந்து லிஃப்டுக்குப் போனார். மாப்பிள்ளை படியில் ஓடினார். நான் இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 20

சங்கரிக்கும் இரண்டு இதழ். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது. தெரியாமல் பிரசவ வலி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை இங்கே எழுத என் கை வரவில்லை. இப்போது தெரிந்துவிட்டதால் பயம் குறைவு, இதய டாக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முப்பத்தேழாவது வாரம் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவோம் என்றார்.

சங்கரி அழவில்லை. “அப்ப உன்னப் பாத்தேன்லம்மா. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல,” என்றாள். அவ்வளவுதான். என்னை அடித்திருந்தால் தேவலை.

நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் இருக்கும்போது விருதுநகரிலிருந்து சம்பந்தியம்மாள் மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்தார். மாப்பிள்ளை ஸ்பீக்கரில்தான் போட்டார்.

“என்னப்பா, மருமக எப்படி இருக்கா? எல்லாம் நல்லாத்தான இருக்கு?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், சங்கரியைப் பார்த்தார். “எல்லாம் நல்லா இருக்கும்மா,” என்றார். என்னிடம் திரும்பி, ஃபோனை மூடிக்கொண்டு சன்னமாகச் சொன்னார்: “இப்ப வேண்டாம் அத்தை. பிறக்கப் போற குழந்தைக்கும் ஸ்கேன் எடுக்கணும்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், பாவம். எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டார்! ஃபோனை வாங்கினேன்.

“சம்பந்தி, நான் சண்முகக்கனி பேசறேன். எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கு நடந்தது அல்சர் ஆபரேஷன் இல்ல. இதய வால்வு மாத்துனது. சங்கரிக்கும் அதே கோளாறு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வால்வுல மூணு இதழ் இருக்கணும், இவங்களுக்கு ரெண்டுதான். பிறக்கற பிள்ளைக்கும் பாக்கணும்.”

“மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்களே, சம்பந்தி,” என்றார்.

“ஆமா. மறைச்சுத்தான் குடுத்தோம். அதுல உங்க மருமக போயிருப்பா, உங்க மகன் தெரியாமலே பழி சுமந்திருப்பாரு. என்னை என்ன வேணாலும் பேசுங்க. பேரப்பிள்ளையை மட்டும் மறைச்சு வளக்க வேண்டாம்.”

ஃபோன் கட்டாகிவிட்டது. மாப்பிள்ளை அதை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தார். சங்கரி கையை நீட்டினாள். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 27

இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புது மாத்திரை, அட்டையோடு சமையலறை மேஜையில் எல்லார் கண்ணிலும் படுகிறமாதிரி இருக்கிறது. அளவு எழுதிய ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், எந்த நாட்டு டாக்டரிடம் காட்டினாலும் புரியுமாம். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்குகிறார்.

சம்பந்தியம்மாள் ஃபோன் இல்லை.

நவம்பர் 5

பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. சங்கரி கண் திறந்துவிட்டாள்.

ஸ்கேன் நாளைக்கு மறுநாள்.

நவம்பர் 6

துணி துவைத்தேன், மடித்தேன், திரும்ப உதறி மடித்தேன்.

நவம்பர் 7

ஒரு நெல்லிக்காய் அளவு இதயம். அதை டி.வி. மாதிரி ஒரு திரையில் காட்டினார்கள். டாக்டர் விரலை வைத்து இதழ்களை எண்ணிக் காட்டினார். நான் திரும்ப எண்ணச் சொன்னேன். எண்ணினார்.

வராந்தாவுக்கு வந்ததும் என் ஃபோன் அடித்தது. மாப்பிள்ளையின் ஃபோன் அல்ல, என்னுடையது. சம்பந்தியம்மாள். பதினெட்டு நாளாக என்னிடம் பேசாதவர். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

“பிள்ளைக்கு எத்தன இதழ்?”

“மூணு, சம்பந்தி,” என்றேன்.